பி.எஃப். பணத்தில் கை வைக்கச் சொல்லாதீர்கள்

பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்காகப் பெற்றோர் தங்கள் பி.எஃப். சேமிப்பைத் தயங்காமல் எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும் என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். கட்டுரையாளரின் வாதங்கள் நான்கு. பி.எஃப். வட்டியைவிடக் கல்விக் கடன் வட்டி அதிகம், ஆகவே கடன் வாங்குவது கணக்குத் தெரியாதவர் செய்யும் வேலை. பிள்ளையின் பட்டமே பெற்றோருக்குப் பென்ஷன். நிலத்தையும் நகையையும் விற்றுப் படிக்க வைத்த மரபு நம்முடையது, பி.எஃப். மட்டும் என்ன விதிவிலக்கு? கடைசியாக, அது தொழிலாளியின் சொந்தப் பணம், எடுக்காதே என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

நான்கும் தவறு. வெறும் கருத்து வேறுபாடாக இருந்திருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நாட்களில் இதைப் படிக்கும் ஐம்பது வயதுத் தொழிலாளி அன்று மாலையே விண்ணப்பம் போடுவார். எடுத்த பணத்தைத் திரும்பக் கட்ட வழியில்லை என்பது அவருக்குத் தெரிய வருவது பல வருடம் கழித்துத்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் பல ஆண்டுகள் இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எந்தப் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கட்டுரையாளர் எங்கும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. நான் காட்டுகிறேன். பி.எஃப். பிடித்தத்துக்கான சட்டப்படியான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய். அதற்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கும் இந்த வரம்போடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் ஏராளம். தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். முதலாளியும் 1,800 கட்டுகிறார். அதில் 1,250 பென்ஷன் நிதிக்குப் போய்விடும், 550 மட்டுமே பி.எஃப். கணக்கில் சேரும். ஆக மாதம் 2,350 ரூபாய்.

28 வயதில் வேலைக்குச் சேரும் ஒருவருக்கு மாதம் இந்த 2,350 ரூபாய் சேர்கிறது, வட்டி இன்றுள்ள 8.25 சதவீதமாகவே நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 48 வயதில், பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, கணக்கில் சுமார் 13.8 லட்சம் இருக்கும். தொடாமல் விட்டால் 58 வயதில் அது 34.7 லட்சம். இருபது வருடத்தில் சேர்ந்ததைவிட அதிகம், ஏறக்குறைய 21 லட்சம், கடைசிப் பத்து வருடத்தில் சேர்கிறது. அந்தப் பத்து வருடத்தில் அவரும் முதலாளியும் கட்டுவது வெறும் 2.82 லட்சம். மீதி 18 லட்சமும் வட்டி. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதும் பெற்றோரின் சேமிப்பு வட்டியால் பெருகத் தொடங்கும் வயதும் ஒன்றாகவே வருகின்றன. பி.எஃப். பணத்தைப் படிப்புக்கு எடுப்பதில் உள்ள முழுக் கேடும் இங்கேதான் இருக்கிறது.

48 வயதில் அவர் முக்கால் பங்கை, 10.3 லட்சத்தை, எடுத்துக் கல்லூரியில் கட்டுகிறார். 58 வயதில் கைக்கு வருவது 34.7 லட்சம் அல்ல, 11.9 லட்சம். கல்லூரிக்குப் போனது 10.3 லட்சம், முதுமையிலிருந்து பறிபோனது 22.8 லட்சம். பத்து வருடத்தில் பணத்தின் மதிப்பு குறைந்துவிடுமே என்று கட்டுரையாளர் கேட்கலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்று கழித்துப் பார்த்தாலும் அந்த இழப்பு இன்றைய மதிப்பில் 12.7 லட்சம். எடுத்த தொகையைவிட அப்போதும் அதிகம்.

மாதப் பென்ஷன் இருக்கிறதே என்பவர்களுக்கு அதன் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷனுக்குரிய சம்பளத்தைப் பணிக்கால ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் 1995-ஆம் ஆண்டுப் பென்ஷன் திட்டத்தின் சூத்திரம். 15,000 ரூபாய் வரம்பில் முப்பது வருடம் உழைத்தவருக்கு, இரண்டு வருடச் சலுகையையும் சேர்த்தால்கூட, அது ஏழாயிரத்தைத் தொடாது. அகவிலைப்படி கிடையாது. 58 வயதில் நிர்ணயித்த தொகைதான் 78 வயதிலும். குறைந்தபட்சப் பென்ஷன் 2014 முதல் 1,000 ரூபாயிலேயே நிற்கிறது. தனியார் துறைத் தொழிலாளிக்கு முதுமையில் மிஞ்சும் ஒரே பெரிய தொகை பி.எஃப். மட்டுமே. அதைத்தான் கட்டுரையாளர் எடுக்கச் சொல்கிறார்.

இனி அவருடைய வட்டிக் கணக்குக்கு வருகிறேன். கல்விக் கடன் 10 சதவீதம், பி.எஃப். 8.25 சதவீதம், இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் நஷ்டம் என்கிறார். இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துக் கழித்துவிட்டால் கணக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார். கடனின் விதிகளை அவர் படித்ததாகவே தெரியவில்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டியதில்லை. அந்தக் காலத்துக்குத் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. பி.எஃப். கணக்கிலோ ஒவ்வோர் ஆண்டும் வட்டி முதலோடு சேர்ந்து அதற்கும் வட்டி கிடைக்கிறது. ஒரு பக்கம் தனி வட்டியையும் மறுபக்கம் கூட்டு வட்டியையும் வைத்துச் சதவீதத்தை மட்டும் ஒப்பிடுவதைக் கணக்கு என்று சொல்ல முடியாது.

அதோடு முடியவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழில்சார் படிப்புகளுக்கு வாங்கும் கடனில் படிப்புக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடப்பில் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) இடம் கிடைத்த மாணவருக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. 10-இல் 3 போனால் 7. பி.எஃப். வட்டியோ 8.25. கட்டுரையாளரின் சொந்தக் கணக்கு முறைப்படியே, படிப்புக் காலத்தில் கடன் வாங்குவதுதான் லாபம். எவரைக் கணக்குத் தெரியாதவர் என்று எழுதினாரோ அந்தக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத்தான் அவருடைய அறிவுரை மிக அதிகமான நஷ்டத்தைத் தருகிறது.

மானியம் எதுவுமே கிடைக்காத குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வட்டிக்கும் வித்தியாசம் 1.75 சதவீதம், 10 லட்சத்துக்கு ஆண்டுக்கு 17,500 ரூபாய். அந்த 17,500 ரூபாயைக் கொடுத்து அந்தக் குடும்பம் எதை வாங்குகிறது? சம்பளமே இல்லாமல் போகப்போகும் ஒருவர் தலையிலிருந்து, முப்பது நாற்பது வருடம் சம்பளம் வாங்கப்போகும் ஒருவர் தலைக்குச் சுமையை மாற்றுகிறது. 24 வயதில் கடனோடு நிற்பவருக்கு முன்னால் சம்பள உயர்வு இருக்கிறது, வேலை மாற்றம் இருக்கிறது, பதினைந்து வருடம் வரை தவணை இருக்கிறது. 63 வயதில் கையில் பணம் இல்லாமல் நிற்பவருக்கு முன்னால் என்ன இருக்கிறது? முழங்கால் அறுவை சிகிச்சைக்கு எந்த வங்கி அவருக்குப் பதினைந்து வருடத் தவணையில் கடன் தரும்? இரண்டு பேரின் வயதையும் பார்க்காமல் வட்டி விகிதத்தை மட்டும் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் அடிப்படைக் குருட்டுத்தனம்.

கடனோடு வாழ்க்கையைத் தொடங்கினால் பிள்ளை நசுங்கிப்போவான் என்று உருக்கமாக எழுதியிருக்கிறார். கடன் சுமைதான், அதை நான் மறுக்கவில்லை. 10 லட்சத்தை நான்கு வருடத்தில் பிரித்து வாங்கினால், ஐந்தாம் வருட முடிவில் 10 சதவீதத் தனி வட்டி 3.5 லட்சம் சேர்ந்திருக்கும். 13.5 லட்சத்தைப் பதினைந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 14,500 ரூபாய் தேவை. புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைக்கு இது கனமான தொகைதான். ஆனால் அது தெரிந்த தொகை. எப்போது முடியும் என்று தேதி உள்ள தொகை. சேமிப்பு இல்லாத அப்பா அம்மாவைத் தாங்கும் செலவுக்குத் தேதியும் இல்லை, வரம்பும் இல்லை. வீட்டு வாடகை, மளிகை, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, திடீரென்று ஒரு நாள் ஐ.சி.யு. அந்தப் பிள்ளைக்கு 35 வயதாகி, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, தன் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வேளையில் இந்தச் செலவு வந்து சேரும். கட்டுரையாளர் பிள்ளையைக் கடனிலிருந்து காப்பாற்றவே இல்லை. தேதி போட்ட கடனைத் தேதி போடாத கடனாக மாற்றி, அவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் எழுதிவிடுகிறார்.

இரண்டாவது வாதம், பட்டம்தான் பென்ஷன் என்பது. இதை எழுத அவருக்கு எப்படி மனம் வந்தது? எல்லாப் பட்டத்துக்கும் சந்தையில் ஒரே மதிப்பு இல்லை என்பது பொறியியல் முடித்துவிட்டு உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களைப் பார்த்த எவருக்கும் தெரியும். அந்த இளைஞரின் அப்பா, தன் சேமிப்பு மொத்தத்தையும் ஒரே ஒருவரின் ஒரே ஒரு வேலைவாய்ப்பில் போட்டவர். சரி, பிள்ளைக்கு நல்ல வேலையே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சம்பளம் பெற்றோருக்கு வரும் என்று எந்த ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது? பெற்ற பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு முறையிடுவதற்காகவே 2007-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கோட்டாட்சியர் முன்னால் நின்று சொந்த மகன்மேல் மனுப் போட்டு வென்றாலும், அந்தச் சட்டம் மாதத்துக்கு வகுத்த உச்சவரம்பு 10,000 ரூபாய். பிள்ளைகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் பாசமானவர்கள், முடிந்ததைச் செய்பவர்கள். பாசம் இருந்தும் முடியாமல் போகும் நிலைமையைத்தான் சொல்கிறேன்.

அந்த நிலைமை இந்த மாநிலத்தில் வேகமாக வந்துகொண்டிருக்கிறது. 2021 கணக்கீட்டின்படி தமிழக மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாட்டிலேயே நாம்தான். ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.4 என்று 2020-இன் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொன்னது. ஒரே மகனும் ஒரே மகளும் திருமணம் செய்துகொண்டால், அந்த இருவரின் சம்பளத்தை நம்பி நான்கு முதியவர்கள். நால்வரும் தங்கள் பி.எஃப். பணத்தைக் கல்லூரியில் கட்டியவர்கள் என்றால் அந்தத் தம்பதியின் கதி என்ன? பட்டத்தைப் பென்ஷன் என்று அழைப்பவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும்.

கட்டுரை முழுவதும் தேடிப் பார்த்தேன். ஒருவர் மட்டும் எங்கும் வரவில்லை. அம்மா. பி.எஃப். பணம் கணவன் பெயரில் இருக்கலாம். ஆனால் அவர் உடல்நலத்தோடு வேலைக்குப் போய்வர வீட்டைத் தாங்கியவரின் உழைப்பும் அதில் இருக்கிறது. பெண்கள் பொதுவாக ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். கணவனைவிட வயதில் இளையவர்களாகவும் இருக்கிறார்கள். ஆகவே அந்தச் சேமிப்பின் கடைசி வருடங்கள் பெரும்பாலும் அவருக்குத்தான் தேவைப்படும். கணவன் இறந்த பிறகு விதவைப் பென்ஷன் அவருடைய பென்ஷனில் பாதி. ஏழாயிரம்கூட வராத பென்ஷனில் பாதி. இவ்வளவு இருந்தும், பணம் எடுக்கும் விண்ணப்பத்தில் மனைவியின் சம்மதம் கேட்கும் இடமே இல்லை. எங்கள் அலுவலகத்துக்குப் படிவம் 31 நிரப்ப வந்தவர்களிடம், வீட்டில் சொன்னீர்களா அண்ணே என்று கேட்பேன். சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாள் என்பதுதான் அடிக்கடி வந்த பதில். பயப்பட வேண்டியவருக்கே தெரியாமல் அவருடைய முதுமை செலவாகிக்கொண்டிருந்தது. இதைத் தியாகம் என்று புகழ்ந்து எழுதுபவர், யாருடைய சம்மதத்தில் நடந்த தியாகம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இரண்டாவது பிள்ளையும் கட்டுரையில் இல்லை. மூத்த மகனுக்குப் பி.எஃப். பணம் போய்விட்டால் நான்கு வருடம் கழித்து பிளஸ் டூ முடிக்கும் தங்கைக்கு என்ன மிஞ்சும்? பல வீடுகளில் அவளுக்கு மிஞ்சியது பக்கத்து ஊர்க் கல்லூரியும் சீக்கிரக் கல்யாணமும்தான். கடன் மூத்தவன் பெயரில் இருந்திருந்தால் அவளுடைய கதவு மூடியிருக்காது.

மூன்றாவது, மரபு. நிலத்தையும் நகையையும் விற்றுப் படிக்க வைத்தார்கள் என்பது உண்மை. அந்தத் தலைமுறையை வணங்குகிறேன். ஆனால் அவர்கள் விற்றது எது, வைத்துக்கொண்டது எது என்று கட்டுரையாளர் பார்த்தாரா? ஒரு ஏக்கர் விற்றவருக்கு மிச்ச நிலம் இருந்தது. சொந்த ஓட்டு வீடு இருந்தது. நான்கைந்து பிள்ளைகளில் ஒருவர் ஊரிலேயே இருந்தார். மாடு இருந்தது, அறுவடை இருந்தது. நிலத்துக்கு ஓய்வு பெறும் வயதும் இல்லை. ஆவடியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஷிஃப்ட் வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு இவற்றில் எது இருக்கிறது? அவருக்கு நிலமும் நகையும் வீடும் அறுவடையும் எல்லாம் அந்த ஒரு பி.எஃப். கணக்குத்தான். தாத்தா ஒரு பகுதியை விற்றார்; இவரை மொத்தத்தையும் விற்கச் சொல்கிறீர்கள். அதற்குத் தாத்தாவின் பெயரைச் சாட்சிக்கு இழுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நான்காவது வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதால் அதை நிதானமாகப் பேச வேண்டும். தொழிலாளியின் பணம்தான் அது; சந்தேகமே இல்லை. நிர்வாகமோ அதிகாரியோ அதை முடக்கி வைப்பதை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் போராடியிருக்கின்றன. மருத்துவ அவசரத்துக்குக் கிடைக்காத சேமிப்பினால் என்ன பயன் என்ற கேள்வியும் சரியானதே. ஆனால் எடுக்கும் உரிமை வேறு, எடு என்ற அறிவுரை வேறு. கட்டுரையாளர் உரிமையைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு அறிவுரையை விற்கிறார்.

பழைய விதிப்படி பிள்ளையின் மேல்படிப்புக்குப் பணம் எடுக்க ஏழு வருட உறுப்பினராக இருக்க வேண்டும். சொந்தப் பங்கிலும் அதன் வட்டியிலும் பாதிதான் எடுக்கலாம். திருமணத்தையும் சேர்த்து மூன்று முறைதான். 2025 அக்டோபரில் கூடிய பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு, படிப்புக்கு 10 முறை வரை, ஓராண்டுப் பணிக்குப் பிறகே, முதலாளியின் பங்கையும் சேர்த்து, 25 சதவீதத்தை மட்டும் வைத்துவிட்டு எடுக்கலாம் என்று முடிவெடுத்தது. கட்டுரையாளர் இதை விடுதலை என்று கொண்டாடுகிறார். அதே முடிவை விளக்கியபோது தொழிலாளர் அமைச்சகமே சொன்ன ஒரு தகவலை அவர் ஏன் விட்டுவிட்டார்? அடிக்கடி எடுத்துவந்ததால், இறுதி செட்டில்மென்ட்டின்போது பாதி உறுப்பினர்களின் கணக்கில் 20,000 ரூபாய்க்கும் குறைவாகவே இருந்தது. முக்கால்வாசிப் பேரிடம் 50,000 ரூபாய்கூட இல்லை. எடுப்பது கடினமாக இருந்த காலத்திலேயே மிஞ்சியது இதுதான். கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டு, வாசலில் நின்று வாருங்கள் என்று அழைப்பவர் தொழிலாளியின் நண்பர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

பி.எஃப். பணத்துக்கு இன்னொரு குணம் உண்டு. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டு, அந்தக் கணக்கில் இருக்கும் பணத்தை எந்தக் கடன்காரரும், நீதிமன்ற ஆணை வாங்கிவந்தாலும், ஜப்தி செய்ய முடியாது. கல்விக் கடனில் அப்பாவும் இணைக் கடன்தாரர்தானே, பிள்ளை கட்டாவிட்டால் அவர் தலையில்தானே விழும் என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். விழலாம், வங்கி நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் பி.எஃப். கணக்கைத் தொட முடியாது. பிள்ளையால் கட்ட முடியாத நிலைமை வந்தால்தான் கடன் அப்பாவைத் தேடி வரும். எடுத்துச் செலவழித்த பி.எஃப். பணமோ, பிள்ளை நன்றாக இருந்தாலும் நொடித்துப்போனாலும், எந்த நிலையிலும் திரும்ப வராது. சட்டம் கொடுத்த இவ்வளவு பெரிய பாதுகாப்பைத் தானாக வெளியே எடுத்துக் கல்லூரிக் கவுண்டரில் வைக்கச் சொல்வதற்குப் பெயர் அறிவுரையா?

கல்விக் கடன் எல்லோருக்கும் எளிதாகக் கிடைக்கிறது என்று நான் சொல்லவில்லை. மேலாளரைப் பார்க்க நாள்கணக்கில் காத்திருக்க வைக்கும் கிளைகளை அறிவேன். 4 லட்சம் வரை பிணை வேண்டாம் என்ற விதியை மீறி வீட்டுப் பத்திரம் கேட்ட இடங்களையும் அறிவேன். 7.5 லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை என்பது வாடகை வீட்டுக் குடும்பத்துக்கு அடைத்த கதவு. இந்தக் குறைகளைப் பற்றி ஒரு காட்டமான கட்டுரை எழுதியிருந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். அவர் அதைச் செய்யவில்லை. வங்கி கதவைச் சாத்தினால், அரசு மானியம் தாமதித்தால், கல்லூரி கட்டணத்தை ஏற்றினால், எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருக்கும் ஒரே தீர்வு அப்பாவின் பி.எஃப்.தான். பொறுப்பேற்க வேண்டிய மூவரையும் விட்டுவிட்டு, இந்த ஏற்பாட்டில் மிக எளியவர் யாரோ அவரிடமே பில்லை நீட்டுகிறார்.

குறிப்பாகக் கல்லூரிகள். தமிழ்நாட்டில் கவுன்சலிங் மூலம் சேரும் மாணவருக்குத் தனியார் பொறியியல் கல்லூரியிலும் 2017-இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 50,000, 55,000 என்ற அளவில்தான் இருந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய். இத்தனையும் இருக்கும் ஊரில் பி.எஃப். கணக்கைத் துடைத்தெடுக்கும் அளவுக்குப் பணம் எங்கே தேவைப்படுகிறது? நிர்வாக ஒதுக்கீட்டிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும். 1992-இலேயே சட்டம் தடைசெய்த நன்கொடையை வேறு வேறு பெயரில் ரசீதில்லாமல் வாங்கும் இடங்களில். கவுன்சலிங்கில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, பெரிய வளாகமும் ஏ.சி. வகுப்பறையும் விளம்பரத்தில் பார்த்துச் சேர்ந்த பிள்ளைகளின் அப்பாக்கள்தான் அதிகம் எங்களிடம் வந்தார்கள். பெற்றோரின் கடைசிச் சேமிப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் கட்டணத்தைக் குறைக்க அந்தக் கல்லூரிகளுக்கு என்ன கட்டாயம்? கட்டுரையாளரின் அறிவுரையால் உறுதியாகப் பயன்பெறும் ஒரே தரப்பு அவர்கள்தான்.

பி.எஃப். பணத்தை ஒருநாளும் எடுக்கவே கூடாதா என்று கேட்டால், எடுக்கும் வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் கவுன்சலிங், உதவித்தொகை, கட்டணச் சலுகை. அடுத்து பிள்ளை பெயரில் கல்விக் கடன். பெற்றோர் உதவ நினைத்தால் படிப்புக் கால வட்டியை மாதாமாதம் கட்டட்டும். ஆண்டுக்கு 2.5 லட்சம் வாங்கினால் முதல் வருடம் அது மாதம் சுமார் 2,100 ரூபாய். நான்காம் வருடம் சுமார் 8,300. இப்படிக் கட்டிவந்தால் வட்டியில் 1 சதவீதம் வரை சலுகை தரவும் வங்கிகள் சங்கத் திட்டத்தில் இடம் உண்டு. வேலைக்குச் சேரும் நாளில் பிள்ளையின் தலையில் 13.5 லட்சம் இருக்காது, 10 லட்சம்தான் இருக்கும். பெற்றோரின் பாசத்துக்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை: இன்றைய சம்பளத்திலிருந்து கொடுக்கிறார்கள், நாளைய சோற்றிலிருந்து கொடுக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு துண்டு விழுந்தால், அந்தத் துண்டுக்கு மட்டும், மனைவியிடம் கலந்துபேசி, பி.எஃப். கணக்கிலிருந்து எடுக்கலாம். எடுத்த அடுத்த மாதமே விருப்பப் பங்களிப்பைக் கூட்டச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கும் அதே 8.25 சதவீத வட்டிதான்.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் அறிவுரையைக் கேட்டு இந்த வருடம் பணத்தை எடுக்கும் ஒருவருக்கு, பத்து வருடம் கழித்து நீங்கள் எந்தப் பதிலும் சொல்ல வேண்டியதில்லை. அவர் உங்கள் முகவரி தேடி வரப்போவதில்லை. அதனாலேயே இன்று அதிகக் கவனத்தோடு எழுதும் கடமை உங்களுக்கு இருக்கிறது. அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுங்கள்.

அதைப் படித்துவிட்டுப் படிவத்தைத் திறந்து வைத்திருக்கும் தோழர்களுக்கு: மூடிவையுங்கள். முதலில் வங்கிக்குப் போங்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாக இல்லை என்று சொன்னால் ஏற்காதீர்கள்; கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிளை மேலாளர் தன்னிச்சையாக மறுக்க முடியாது, மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று திட்டமே சொல்கிறது. அந்தக் கடிதத்தோடு மண்டல அலுவலகத்துக்குப் போங்கள், முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், மாவட்ட ஆட்சியரின் குறைதீர் நாளுக்குப் போங்கள், சங்கத்துக்கு வாருங்கள். பிள்ளையின் படிப்புக்காக எத்தனை படி வேண்டுமானாலும் ஏறலாம். 65 வயதில் மருந்துக்காக எவர் வீட்டுப் படியும் ஏறக் கூடாது.